கோழி இறைச்சியும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: ‘இயற்கை முறை’ என்ற சொல் எதை உறுதி செய்கிறது?

நோயிலிருந்து தேறி வருபவருக்கு நாட்டுக்கோழிச் சாறு வைத்துக் கொடுப்பது மதுரை வட்டாரத்தில் நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலமாக, நோயாளியைப் பராமரிப்பவர்களிடையே இதையொட்டி ஒரு கேள்வி எழுகிறது. பிராய்லர் கோழியில் ஆன்டிபயாட்டிக் மருந்து கலந்திருப்பதாகச் சொல்கிறார்களே, ‘இயற்கை முறைக் கோழி’ அல்லது நாட்டுக்கோழி வாங்கினால் நோயாளிக்குப் பாதுகாப்பா? கூடுதல் விலை கொடுத்து வாங்கும் குடும்பத்திற்கு இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க வேண்டும்.

சுருக்கமான விடை இதுதான். கோழியை வளர்க்கும் முறை, இறைச்சியில் உள்ள பாக்டீரியா மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதைப் பெரிதும் மாற்றுகிறது. ஆனால் பாக்டீரியா இருக்குமா, இராதா என்பதை அது உறுதி செய்வதில்லை. எம்முறையில் வளர்ந்த கோழியாயினும், நோயாளியை உடனடியாகக் காப்பது சமையலறையில் கடைப்பிடிக்கும் ஒழுங்கும் முழுமையாக வேகவைத்தலுமே ஆகும்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவில் இது தொடர்பான விதிகள் படிப்படியாகக் கடுமையாகியுள்ளன. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனக் கலவை ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டின் என்னும் மருந்தைத் தயாரிப்பதையும் விற்பதையும் வினியோகிப்பதையும் மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் தடை செய்தது. பிற மருந்துகள் பயனளிக்காத நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் கோலிஸ்டினும் ஒன்று. இம்மருந்தை எதிர்க்கும் திறனை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தக்கூடிய ‘எம்.சி.ஆர்-1’ என்னும் மரபணு, சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் காணப்பட்டதாக 2015 நவம்பரில் வெளியான ஆய்வறிக்கை உலகெங்கும் எச்சரிக்கையை ஏற்படுத்தியிருந்தது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவில் இருக்கக்கூடிய மருந்து எச்சங்கள் குறித்த விதிகளைத் திருத்தியது. இத்திருத்தம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இறைச்சி, பால், முட்டை, மீன் வளர்ப்பு ஆகியவற்றில் பயன்படுத்தக் கூடாத மருந்துகளின் பட்டியல் இதன்படி விரிவாக்கப்பட்டுள்ளது. கோலிஸ்டின், குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் ஆகியவை இத்தடையில் அடங்கும்.

தமிழ்நாட்டிலும் உணவுவழிக் கிருமிகள் குறித்த நடவடிக்கை ஒன்று அதே மாதத்தில் எடுக்கப்பட்டது. பச்சை முட்டையில் தயாரிக்கப்படும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதன்வழிப் பரவும் அபாயமே இத்தடைக்குக் காரணம்.

மூன்று செய்திகளைப் பிரித்தறிதல்

‘கோழியில் ஆன்டிபயாட்டிக்’ என்று பேசும்போது வெவ்வேறான மூன்று செய்திகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இவற்றைப் பிரித்து அறிந்தால் பிற அனைத்தும் எளிதில் விளங்கும்.

முதலாவது, பாக்டீரியா. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ. கோலை முதலியன கோழியின் குடலில் வாழ்பவை. நலமாகத் தோன்றும் கோழியிலும் இவை இருக்கும். வெட்டும்போதும் குடலை அகற்றும்போதும் இறைச்சியின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. நன்கு வேகவைத்தால் இவை இறந்துவிடும்.

இரண்டாவது, மருந்து எச்சம். கோழிக்குக் கொடுத்த மருந்து அதன் உடலிலிருந்து முழுமையாக நீங்குவதற்குள் அதை வெட்டினால், இறைச்சியில் சிறிதளவு மருந்து தங்கியிருக்கும். சமைப்பதால் இது முழுவதும் அழிவதில்லை. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் டெல்லி வட்டாரத்தில் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 40 விழுக்காட்டில் மருந்து எச்சம் இருந்தது.

மூன்றாவது, மருந்து எதிர்ப்புத் திறன். ஒரு மருந்தால் கொல்ல இயலாதவாறு பாக்டீரியா மாறிவிடுவதை இது குறிக்கிறது. எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாவும் வெப்பத்தால் இறந்துவிடும். மருந்துக்கு அடங்காத கிருமி என்பதால் அது நெருப்புக்கும் அடங்காது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது வேகாத நிலையில் கை, கத்தி, பச்சைக் காய்கறி வழியாக உடலுக்குள் சென்று நோயை உண்டாக்கினால், வழக்கமான மருந்துகள் பயன்படாமல் போகலாம். நோயாளியின் குடலில் தங்கிப் பிற பாக்டீரியாக்களுக்கும் அத்திறனை அது கடத்தக்கூடும்.

பண்ணையில் நடப்பது என்ன?

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதால்தான் அது ஏறத்தாழ ஆறு வாரங்களில் வளர்கிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. அவ்விரைவான வளர்ச்சிக்குக் காரணம் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட இனமும் செறிவான தீவனமும் ஆகும். அக்கறை கொள்ள வேண்டியது ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைப் பற்றியே.

நோயுற்ற கோழிக்குக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி மருந்து கொடுப்பது முறையான சிகிச்சை. நோய் வராமல் தடுக்கவும் எடை கூடவும் தீவனத்திலோ குடிநீரிலோ குறைந்த அளவில் தொடர்ந்து மருந்து கலப்பதே சிக்கலுக்குரியது. குறைந்த அளவு மருந்து வலுவற்ற பாக்டீரியாக்களை அழிக்கிறது. எதிர்ப்புத் திறன் கொண்டவை எஞ்சிப் பெருகுகின்றன. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கொட்டகையில் இருக்கும்போது அவை விரைவாகப் பரவுகின்றன.

பஞ்சாபில் 18 கோழிப் பண்ணைகளில் மேற்கொள்ளப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு இதைக் காட்டுகிறது. பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகளைச் சேர்ந்த பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரக்கும் ஈ. கோலை பாக்டீரியா, இறைச்சிக் கோழிப் பண்ணைகளின் மாதிரிகளில் 87 விழுக்காடும் முட்டைக் கோழிப் பண்ணைகளின் மாதிரிகளில் 42 விழுக்காடும் காணப்பட்டது.

தமிழ்நாட்டில் பல்லடம், கோயம்புத்தூர் வட்டாரங்கள் பிராய்லர் வளர்ப்புக்கும், நாமக்கல் முட்டை உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. பிராய்லர் வளர்ப்பில் ஒப்பந்த முறை பரவலாக உள்ளது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் வழங்குகிறது; கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. இம்முறையில் தீவனத்தில் என்ன கலக்க வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் விவசாயியின் கையில் இருப்பதில்லை. எனவே அவரை மட்டும் குறைகூறுவதால் பயன் விளையாது.

இயற்கை முறை வளர்ப்பு எதை மாற்றுகிறது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கடைகளில் விற்கும் கோழி, பன்றி இறைச்சியில் பாக்டீரியா காணப்படுவது பொதுவானது என்றும், வளர்ப்பு முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் அவர்கள் கண்டனர். ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியா காணப்படும் வாய்ப்பு, வழக்கமான முறை இறைச்சியைவிட இயற்கை முறை இறைச்சியில் 33 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தது.

மருந்துப் பயன்பாட்டை நிறுத்தினால் மாற்றம் விரைவாகத் தெரியும் என்பதை மற்றோர் அமெரிக்க ஆய்வு 2011இல் காட்டியது. அப்போதுதான் இயற்கை முறைக்கு மாறிய பண்ணைகளை வழக்கமான பண்ணைகளோடு அது ஒப்பிட்டது. என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்னும் பாக்டீரியாவில் பல மருந்துகளை எதிர்ப்பவை வழக்கமான பண்ணைகளில் 84 விழுக்காடு. புதிதாக மாறிய பண்ணைகளில் 17 விழுக்காடு.

மறுபுறத்தையும் காண வேண்டும். டென்மார்க்கில் 2001இல் வெளியான ஆய்வில், இயற்கை முறையில் வளர்ந்த 22 கோழித் தொகுதிகளிலும் கேம்பைலோபாக்டர் இருந்தது. வழக்கமான முறையில் வளர்ந்த 79 தொகுதிகளில் 29இல் மட்டுமே அது காணப்பட்டது. திறந்தவெளியில் மேயும் கோழி மண், தேங்கிய நீர், பறவை எச்சம் ஆகியவற்றோடு தொடர்பு கொள்வதும், நீண்ட நாள் வாழ்வதும் இதற்கு ஏற்ற காரணங்களாகும். வீட்டுக் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிக்கும் இச்சூழல் பொருந்தும்.

எனவே இயற்கை முறைக் கோழியை வாங்குவதில் பொருள் உண்டு. மருந்துகளின் வீரியம் சமுதாயத்தில் நீடிக்க அது துணைபுரிகிறது. ஆயினும் ‘இது சுத்தமானது’ என்று நம்பிச் சமையலறையில் கவனத்தைத் தளர்த்தினால், நோயாளிக்குத் தீங்கே விளையும்.

பெயர்களையும் முத்திரைகளையும் எவ்வாறு புரிந்துகொள்வது?

*‘இயற்கை முறை’ அல்லது ‘ஆர்கானிக்’:* இந்தியாவில் இச்சொல்லைப் பயன்படுத்த 2017ஆம் ஆண்டின் இயற்கை உணவு விதிகள் நிபந்தனை விதிக்கின்றன. சான்று பெற்ற பொட்டலத்தில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கும். முத்திரையின்றி வாய்மொழியாகச் சொல்வதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

*‘நாட்டுக்கோழி’:* இது இனத்தைக் குறிக்கும் சொல். வளர்ப்பு முறையையோ மருந்துப் பயன்பாட்டையோ இது குறிப்பதில்லை. சிறுவிடை, பெருவிடை போன்ற இனங்கள் கொல்லையில் மேய்ந்தும் வளர்கின்றன. கலப்பினங்கள் கொட்டகையில் வணிகத் தீவனத்திலும் வளர்கின்றன. வாங்கும்போது எங்கு, எவ்வாறு வளர்ந்தது என்று கேட்டறியுங்கள்.

*‘ஆன்டிபயாட்டிக் இல்லை’:* இது பெரும்பாலும் இறைச்சியில் மருந்து எச்சம் இல்லை என்பதையே குறிக்கும். கோழி வளர்ந்த காலம் முழுவதும் மருந்து கொடுக்கப்படவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியா இல்லை என்பதற்கும் இது சான்றாகாது.

நடப்பு விதிகளின் எல்லையும் இங்கேதான் வெளிப்படுகிறது. மருந்து எச்ச வரம்பு, இறைச்சியில் தங்கிய மருந்தை அளக்கிறது. அவ்வரம்புக்குள் அடங்கிய இறைச்சியிலும் எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியா இருக்கக்கூடும். மேலும், அவனியாபுரம், வில்லாபுரம், திருப்பரங்குன்றம் போன்ற பகுதிகளில் பெரும்பாலான குடும்பங்கள் உயிர்க்கோழியைக் கண்முன் வெட்டி வாங்குகின்றன. அவ்விறைச்சிக்குப் பெயர்ப்பட்டையும் இல்லை. அது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்ற விவரமும் வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. விதி பண்ணையில் முழுமையாக நிறைவேறும்வரை, வாங்குபவரின் கையில் உள்ள பாதுகாப்பு சமையலறைதான்.

கடையிலிருந்து அடுப்பு வரை

*வாங்கும்போது:* வெட்டும் கட்டை, கத்தி, இறகு நீக்கும் இயந்திரம் ஆகியவை தூய்மையாக உள்ள கடையைத் தேர்ந்தெடுங்கள். பிற பொருள்களை வாங்கிய பின் இறுதியாகக் கோழி வாங்குங்கள். காய்கறிப் பையில் வைக்காமல் தனிப் பையில் கொண்டு வாருங்கள். மதுரை வெயிலில் இறைச்சி விரைவில் கெடும். உடனே சமையுங்கள் அல்லது குளிர்பதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் மூடி வையுங்கள்.

*கழுவும்போது:* குழாயடியில் கோழியைக் கழுவினால் பாக்டீரியா கலந்த நீர்த்துளிகள் தொட்டியிலும் சுற்றிலும் தெறிக்கும். அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் கழுவு தொட்டியில் பாக்டீரியா இருந்தது. 26 விழுக்காட்டினர் சமைக்காமல் உண்ணும் கீரைக்கு அதைக் கடத்தியிருந்தனர். கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் கீரையில் பாக்டீரியா காணப்பட்டது. கை கழுவுதலில் ஏற்பட்ட குறையே இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. எனவே கடையிலேயே தூய்மைப்படுத்தி வாங்கிக் கழுவாமல் சமைப்பது நல்லது. கழுவியே ஆக வேண்டும் என்று கருதினால், ஓடும் நீரைத் தவிர்த்து, அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாக அலசுங்கள். பின்னர் தொட்டியையும் மேடையையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவை வாடையைக் குறைக்கும். பாக்டீரியாவை அழிப்பதற்கு அவற்றை நம்பக் கூடாது.

*நறுக்கும்போது:* பச்சடிக்கான வெங்காயம், வெள்ளரி, கொத்துமல்லி ஆகியவற்றை முதலில் நறுக்கி மூடி வையுங்கள். கோழியைக் கடைசியாக எடுங்கள். அரிவாள்மனை, கத்தி, பலகை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வேறு பொருளுக்குப் பயன்படுத்துங்கள். கைகளைச் சோப்பிட்டுக் குறைந்தது 20 வினாடிகள் கழுவுங்கள். கோழியைத் தொட்ட கையைத் துடைத்த துணியால் நோயாளியின் தட்டைத் துடைக்கக் கூடாது.

*வேகவைக்கும்போது:* இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். சாறாகவோ குழம்பாகவோ நன்கு கொதித்து வெந்தால் இவ்வெப்பம் எளிதில் கிடைக்கும். எண்ணெயில் பொரிப்பதிலும் நெருப்பில் வாட்டுவதிலும் வெளிப்புறம் சிவந்தும் உட்புறம் வேகாமலும் இருக்கலாம். நோயாளிக்கு இவற்றைத் தவிர்த்துச் சாறு, குழம்பு வகைகளைக் கொடுப்பது பாதுகாப்பானது.

*மீந்த உணவு:* சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்காதீர்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரமே எல்லை. மறுபடி உண்ணும்போது கொதிக்கும்வரை சூடாக்குங்கள்.

இறைச்சி உண்ணாத குடும்பங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். கோழி எரு வயலுக்கு உரமாகிறது; முழுமையாக மக்காத எருவிலிருந்து கீரைக்கும் காய்க்கும் பாக்டீரியா செல்லக்கூடும். இறைச்சிக் கழிவைக் கண்மாய்களிலும் வாய்க்கால்களிலும் கொட்டினால் நீரில் பரவும். மனிதர் உண்ணும் ஆன்டிபயாட்டிக் மருந்தின் ஒரு பகுதியும் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் கழிவுநீரோடு கலக்கின்றன. மதுரை மாநகரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அவனியாபுரத்தில் அமைந்துள்ளது. கழிவுநீரை முறையாகச் சுத்திகரிப்பதும், கழிவைப் பொறுப்புடன் அகற்றுவதும் இப்பகுதி மக்களின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. பச்சையாக உண்ணும் கீரையையும் காய்கறியையும் ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு உணவுவழித் தொற்று கடுமையாகலாம். குடலிலிருந்து இரத்தத்திற்கும் பரவலாம். இவர்களுக்கு வெளியில் விற்கும் கோழி உணவையும் பச்சை முட்டை சேர்ந்த உணவையும் தவிர்ப்பது நலம்.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால்

பெரும்பாலான வயிற்றுப்போக்கு ஆன்டிபயாட்டிக் மருந்தின்றியே குணமாகும். உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். முதல் மருந்து, குழந்தைகளுக்கு அத்துடன் மருத்துவர் அறிவுரைப்படி துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி உண்பதும், முன்பு மீந்த மாத்திரையைக் கொடுப்பதும் தீங்கானவை. பண்ணையில் தேவையற்ற மருந்து செய்யும் அதே தீங்கை, வீட்டில் தேவையற்ற மருந்து நம் குடலில் செய்கிறது.

கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• மலத்தில் இரத்தம்
• 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல்
• நீரும் தங்காத அளவுக்கு வாந்தி
• சிறுநீர் குறைதல், மயக்கம், குழந்தையின் சோர்வு
• மூன்று நாள்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு
• வயிற்றுப்போக்கு வந்து சில நாள்களிலோ வாரங்களிலோ கால்களில் வலுவிழப்பு அல்லது மரத்துப்போதல்

கடைசி அறிகுறி அரிதானது, எனினும் முக்கியமானது. கேம்பைலோபாக்டர் தொற்றுக்குப் பின் சிலருக்குக் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் ஏற்படலாம். 2025 ஜனவரியில் புனே நகரில் இந்நோய் பலருக்கு ஏற்பட்டபோது, சில நோயாளிகளின் மல மாதிரியில் இந்தப் பாக்டீரியா கண்டறியப்பட்டது. அங்கு மாசுபட்ட குடிநீரின் மீதே பெரிதும் ஐயம் எழுந்தது.

மருத்துவரிடம் செல்லும்போது, கடந்த மூன்று மாதங்களில் நோயாளி உட்கொண்ட ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பெயர்களையும், மருத்துவமனையில் தங்கியிருந்த விவரத்தையும் தெரிவியுங்கள். கடுமையான தொற்றில், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை வளர்சோதனை காட்டும். மருத்துவர் பரிந்துரைத்தால் அச்சோதனையைத் தவிர்க்காதீர்கள். எழுதிக் கொடுத்த மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உட்கொள்ளச் செய்யுங்கள். அவசர ஊர்திக்கு 108 எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும் அழைக்கலாம். தூய்மையற்ற முறையில் இறைச்சி விற்கப்படுவதைக் கண்டால், மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் புகார் அளிக்கலாம்.

நினைவிற் கொள்ள

மருந்து எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இதைக் குறைக்கும் பொறுப்பு பண்ணை, தீவன நிறுவனம், அரசு, மருத்துவர், குடும்பம் என அனைவருக்கும் உரியது. இயற்கை முறையில் வளர்ந்த கோழியை வாங்க இயலுமாயின் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வாங்க இயலாவிடினும், நோயாளிக்குக் குறைவான உணவைக் கொடுப்பதாக வருந்த வேண்டாம். தூய்மையாகக் கையாண்டு நன்கு வேகவைத்த பிராய்லர் கோழி, கவனமின்றிச் சமைத்த நாட்டுக்கோழியைவிடக் கிருமித் தொற்றிலிருந்து நோயாளிக்கு மிகுந்த பாதுகாப்பு அளிக்கும்.